குடியிருக்கும் வீட்டை வாடகை முதலீடாக்குவது: நான்கு வழிகளின் ஒப்பீடு

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டிலிருந்தே வாடகை வருமானத்தைத் தொடங்க நினைப்பவருக்குப் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை வாடகைக்கு விடலாம். இரண்டு முதல் நான்கு வீடுகள் கொண்ட கட்டடத்தை வாங்கி, ஒன்றில் தான் குடியிருந்துகொண்டு மற்றவற்றில் ஆள் குடிவைக்கலாம். சில ஆண்டுகள் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோகலாம். அல்லது குடியிருக்கும் வீட்டை ஈடுகாட்டிக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் இன்னொரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாம். பெரும்பாலோர் இந்த நான்கையும், மாதம் எவ்வளவு வாடகை வரும் என்ற ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள். அந்த அளவுகோல் போதாது.

ஒரு வீட்டில் அதன் உரிமையாளரே குடியிருக்கிறார் என்பதைக் கடன் கொடுப்பவரும் வரித்துறையும் காப்பீட்டு நிறுவனமும் ஒரு தகுதியாகவே பார்க்கிறார்கள். அந்தத் தகுதியால் முன்தொகை குறைகிறது, வட்டி குறைகிறது, பல நாடுகளில் விற்பனை ஆதாயத்தின் மீதான வரியே இல்லாமல் போகிறது. வீட்டைவிட்டு வெளியேறிய நாளிலிருந்து இந்தச் சலுகைகளில் சில உடனே அற்றுப்போகும், சில ஒரு கெடு வரையில் நீடிக்கும், ஒன்றிரண்டு மட்டும் கடைசிவரை கூடவே வரும். எந்த வழி எந்தச் சலுகையைக் காப்பாற்றுகிறது, எதை எப்போது இழக்கச் செய்கிறது என்று பார்த்தால்தான் நான்குக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரியும்.

குடியிருப்பு எங்கே பணமாகிறது

முதலில் கடனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நான்கு வீடுகள் வரை கொண்ட கட்டடத்தைத் தான் குடியிருப்பதற்காக ஒருவர் வாங்கினால், அவருடைய கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பதைக் காட்டும் எண்) 580-க்குக் குறையாமல் இருக்கும் பட்சத்தில், கூட்டரசின் வீடமைப்பு அமைப்பான எஃப்ஹெச்ஏயின் காப்புறுதி பெற்ற கடனுக்கு விலையில் 3.5 சதவீதத்தைக் கையிலிருந்து போட்டால் போதும். கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி 2023 நவம்பரிலிருந்து, உரிமையாளர் குடியிருக்கும் இரண்டு முதல் நான்கு வீட்டுக் கட்டடங்களுக்கு 5 சதவீதம் போதுமானது. அதே கட்டடத்தை வாடகைக்கென்றே வாங்குபவரிடம் ஃபேனி மே எதிர்பார்ப்பது 25 சதவீதம். கட்டடத்தின் விலை 4,00,000 டாலர் என்றால், ஒருவர் 14,000 அல்லது 20,000 டாலரோடு உள்ளே போகிறார், மற்றவர் 1,00,000 டாலரைக் கட்டிவிட்டுப் போகிறார். இருவருக்கும் கிடைப்பது அதே கட்டடமும் அதே வாடகையும்தான். கனடாவிலும் வாடகைக்கென்று மட்டும் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தது 20 சதவீத முன்தொகை வேண்டும்; தான் குடியிருக்க வாங்குபவர் 5 சதவீதத்திலிருந்து தொடங்க முடிகிறது.

அடுத்தது விற்பனை. இங்கே நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது என்பதோடு, சலுகை மறையும் விதமும் மாறுகிறது. அமெரிக்காவில், விற்கும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மொத்தம் இரண்டு ஆண்டுகளாவது அந்த வீட்டை உரிமையாக வைத்துக் குடியிருந்தவருக்கு 2,50,000 டாலர் வரையிலும், கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 5,00,000 டாலர் வரையிலும் ஆதாயத்துக்கு வரி இல்லை. இந்த ஐந்தாண்டுக் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் பொதுவாக முழு விலக்கும் போய்விடும். பிரிட்டனில் அப்படி ஒரேயடியாகப் போவதில்லை. மொத்த உரிமைக் காலத்தில் குடியிருந்த காலம் எவ்வளவோ, அதோடு விற்பதற்கு முந்தைய கடைசி 9 மாதங்களையும் சேர்த்து, அந்த விகிதத்தில் ஆதாயத்துக்கு விலக்கு கிடைக்கும். வாடகைக்கு விட்ட காலம் நீள நீள விலக்கு படிப்படியாகத் தேயும். ஆஸ்திரேலியாவில் வீட்டைவிட்டு வெளியேறி வாடகைக்கு விட்டவர், வேறு எந்த வீட்டையும் தன் முதன்மைக் குடியிருப்பாகக் காட்டாமல் இருந்தால், ஆறு ஆண்டுகள் வரை பழைய வீட்டையே குடியிருப்பாகக் கருத வைக்கலாம். கனடாவில் வரித்துறைக்கு உரிய விருப்ப அறிவிப்பைக் கொடுத்து, தேய்மானக் கழிவு (கட்டடம் பழசாவதற்காக வாடகை வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கழிக்கும் தொகை) எதையும் கோராமல் இருந்தால் நான்கு ஆண்டுகள் வரை அப்படிக் கருதலாம்.

இந்தியாவின் நிலை முற்றிலும் வேறு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்று, ஓராண்டுக்கு முன்போ இரண்டாண்டுக்குள்ளோ வேறொரு வீட்டை வாங்குபவருக்கும், மூன்றாண்டுக்குள் கட்டி முடிப்பவருக்கும் கிடைக்கும் விலக்கு, விற்ற வீட்டில் அவர் குடியிருந்தாரா, வாடகைக்கு விட்டிருந்தாரா என்று கேட்பதில்லை. அந்த விலக்கின் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். ஆகவே இந்தியாவில் வீட்டை வைத்திருப்பவருக்கு, மேலே சொன்ன நாடுகளில் இருப்பதுபோல, வெளியேறிய நாளிலிருந்து எண்ணும் கெடு இல்லை. நாடு விட்டு நாடு வந்து வீடு வாங்கும் நம்மவர்கள் ஊரில் பழகிய கணக்கைப் புதிய நாட்டிலும் போட்டுப் பார்த்து ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

ஓர் அறையை விடுவது

நான்கில் எளியது இது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை, குடியிருப்புத் தகுதியும் கைவிட்டுப் போவதில்லை. பிரிட்டனில், குடியிருக்கும் வீட்டில் தளவாடங்களோடு விடப்படும் அறைக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரும் வாடகைக்கு வருமான வரியே இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்குள்ளிருக்கும் அறையை வாடகைக்கு விட்டிருந்தாலும், விற்கும்போது ஆதாயத்தை அறைவாரியாகப் பிரிக்க வேண்டியதில்லை. தேய்மானமாகக் கழித்த தொகைக்கு மட்டுமே வரி உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறாக, வாடகைக்கு விட்ட பகுதியின் அளவுக்கு விலக்கு குறைந்துவிடும். சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழகமான எச்டிபியின் அடுக்குமாடி வீட்டை வாங்கியவர் பொதுவாக ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. மூன்றறை அல்லது அதைவிடப் பெரிய வீடாக இருந்தால் படுக்கையறைகளை மட்டும் விடலாம் என்பதால், அங்கே பலருக்கு இந்த வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது.

இதன் விலை குடும்பத்தின் அந்தரங்கம். சமையலறையும் குளியலறையும் பொதுவாகிவிட்ட வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால், எத்தனை நல்ல குடித்தனக்காரர் அமைந்தாலும் இது நெடுநாள் தாங்காது. தனி ஆளாக இருப்பவரும் பிள்ளையில்லாத இளம் தம்பதியரும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இதைச் செய்து, மிஞ்சிய பணத்தை அடுத்த வீட்டின் முன்தொகைக்குச் சேர்ப்பது நல்ல ஏற்பாடு. அதற்கு மேல் இந்த வழியிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஒன்றில் குடியிருந்து மற்றதில் குடிவைப்பது

வாங்கப்போகிறவர் இன்னும் முதல் வீட்டையே வாங்காதவராக இருந்தால், நான்கில் நான் முதலிடத்தில் வைப்பது இந்த வழியைத்தான். குடியிருப்புத் தகுதியால் கிடைக்கும் குறைந்த முன்தொகையும் குறைந்த வட்டியும் இங்கே குடும்பம் தங்கும் வீட்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை. வாடகை ஈட்டும் பகுதிக்கும் சேர்த்தே கிடைக்கின்றன. வேறு எந்த வழியிலும் இப்படி நடப்பதில்லை. மேலும், உரிமையாளர் அங்கேயே இருப்பதால் ஒழுகும் குழாய் சுவரை நனைப்பதற்கு முன்பே கண்ணில் படுகிறது. வீட்டுப் பராமரிப்பையும் வாடகை ஒப்பந்தத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு, பத்தடி தூரத்தில் இருக்கும் வீடுதான் நல்ல பள்ளிக்கூடம்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எஃப்ஹெச்ஏ கடனில் மூன்று அல்லது நான்கு வீட்டுக் கட்டடம் வாங்குகிறவர், எல்லா வீடுகளுக்கும் மதிப்பிடப்பட்ட வாடகையில் 75 சதவீதம் மாதத் தவணை, சொத்து வரி, காப்பீடு அனைத்தையும் ஈடுகட்டும் என்று காட்ட வேண்டும். விலை ஏறிவிட்ட நகரங்களில் பெரும்பாலான கட்டடங்கள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும் என்பதால், நடைமுறையில் இரு வீட்டுக் கட்டடமே கைக்கு எட்டுகிறது. விற்பனையின்போது இன்னொரு வேறுபாடு வரும்: தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட வாடகை வீடு அமெரிக்க வரிச் சட்டத்தில் தனிக் குடியிருப்பு. எனவே ஆதாயத்தைப் பிரித்து, தான் குடியிருந்த பாதிக்கு மட்டுமே விலக்குக் கோர முடியும். ஓர் அறையை விட்டவருக்கு முழு வீட்டுக்கும் கிடைத்த சலுகை, இரு வீட்டுக் கட்டடத்தில் பாதியாகிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணத்தோடு வாங்குபவர் இந்த வேறுபாட்டை முன்தொகையில் மிச்சமானதோடு எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு இது பெரிய குறை அல்ல.

காகிதத்தில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று ஆண்டுகள் அப்படி ஒரு கட்டடத்தின் கீழ் வீட்டில் இருந்தோம். வாங்குவதற்கு முன் சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். தலைக்கு மேலிருந்த மரத்தளத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மேல் வீட்டில் குடியிருந்தவர் இரவுப் பணி முடிந்து இரண்டரை மணிக்கு வருவார். அவர் ஒரு காலணியைக் கழற்றி வைக்கும் சத்தமும், சற்று இடைவெளி விட்டு மற்றதை வைக்கும் சத்தமும் எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே கேட்கும். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. வாடகையை ஒரு மாதம்கூடத் தாமதித்தவர் அல்லர். தரைக்குக் கனமான விரிப்பும் அதன் அடியில் ரப்பர் பாயும் எங்கள் செலவில் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது. அந்தச் செலவு எந்த வாடகைக் கணக்கிலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்று மின்சாரம். இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்பு, மேல் வீட்டுக்கு ஒரு துணை மீட்டர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவரும் நானும் அதன்முன் நின்று, எண்ணைப் படித்து, ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். மூன்று ஆண்டுகளில் எங்களுக்குள் வந்த ஒரே மனத்தாங்கல், நான் ஊரில் இல்லாததால் எழுதாமல் விட்ட ஒரு மாதத்துக் கட்டணத்தைப் பற்றியது. கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது தனி மின் இணைப்பு, தனித் தண்ணீர் இணைப்பு, தனி வெந்நீர்க் கொதிகலன் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். சமையலறையின் அழகை நான்கு மாதங்களில் மாற்றிவிடலாம். இணைப்புகளைப் பிரிப்பது அதைவிட நீண்ட வேலை, செலவும் அதிகம்.

குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நகர்வது

நான்கு வழிகளில் அதிகம் பேர் நடப்பது இதில்தான். அதிகம் பேர் யோசிக்காமல் நுழைவதும் இதில்தான். பெரிய வீட்டுக்குப் போகவேண்டிய தேவை வருகிறது, பழைய வீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது, விற்பானேன் என்று வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். வீடு கையில் இருக்கிறது என்பது முதலீட்டுக்கான காரணம் ஆகாது. அந்த வீட்டை இன்று விற்றால் கையில் நிற்கும் பணத்தை வைத்துக்கொண்டு, இதே வீட்டை இதே விலைக்கு வாடகைக்கென்று வாங்குவோமா என்று தம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டின் இன்றைய விலை 100 பங்கு, மீதமுள்ள கடன் 60 பங்கு என்று வைத்துக்கொள்வோம். விற்கும் செலவு 6 பங்கு போனால் கையில் நிற்பது 34. வாடகைக்கு விட்டால் ஆண்டு வாடகை 5 பங்கு; ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால் அதில் 0.42 குறையும், சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து 1.5 போகும். மிஞ்சுவது 3.08. கடன் வட்டி 6 சதவீதமாக இருந்தால் வட்டிக்கே 3.6 வேண்டும், ஆண்டுக்கு 0.52 கையிலிருந்து போட வேண்டும். வீட்டின் விலை ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினாலும் மொத்தப் பலன் 1.48 தான், 34 பங்குப் பணத்துக்கு அது ஏறத்தாழ 4.4 சதவீதம். குடித்தனக்காரரைத் தேடி, பழுது பார்த்து, நள்ளிரவுத் தொலைபேசிக்குப் பதில் சொல்லி ஈட்டும் வருமானத்துக்கு இது குறைவு. அதே வீட்டின் கடன் முன்பு 3 சதவீதத்தில் வாங்கியதாக இருந்தால் வட்டி 1.8 மட்டுமே, ஆண்டுக்கு 1.28 மிஞ்சும், விலையேற்றத்தோடு சேர்த்தால் 3.28, அதாவது 34 பங்குக்கு ஏறத்தாழ 9.6 சதவீதம்.

வாடகை மாறவில்லை, வீடும் மாறவில்லை. பலன் இரு மடங்குக்கு மேல் ஆனது வட்டியால் மட்டுமே. அமெரிக்காவில் 30 ஆண்டு நிலையான வட்டிக் கடன் வாங்கி, ஒப்பந்தத்தில் சொன்ன குடியிருப்புக் காலத்தை உண்மையாகவே முடித்தவர் பிறகு வெளியேறினாலும் அந்த வட்டி மாறாது. இது கடைசிவரை கூடவே வரும் அந்த ஒன்றிரண்டு சலுகைகளில் ஒன்று. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் 3 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் வாங்கியவர்கள் அந்த வீடுகளை விற்கத் தயங்குவது நியாயமானதே. மறுபக்கம், பிரிட்டனில் குடியிருப்புக் கடன் வாங்கியவர் வாடகைக்கு விடுவதற்கு முன் கடன் கொடுத்தவரின் சம்மதத்தைக் கேட்டே ஆக வேண்டும். வட்டி உயரலாம், கட்டணம் கேட்கலாம். அங்கே கடன் வட்டியை வாடகை வருமானத்திலிருந்து முழுவதுமாகக் கழிக்கவும் முடியாது. 2020 ஏப்ரலிலிருந்து அடிப்படை விகிதமான 20 சதவீத அளவில் வரித்தள்ளுபடி மட்டுமே கிடைக்கிறது. உயர் வரி விகிதத்தில் இருப்பவருக்கு, கையில் ஒன்றும் மிஞ்சாத வாடகைக்கும் வரி கட்டும் நிலை இதனால் வருகிறது.

உடனே போய்விடும் சலுகைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபுளோரிடாவில் குடியிருப்பு வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்ற பாதுகாப்பு உண்டு. உரிமையாளர் வெளியேறி முழு வீட்டையும் வாடகைக்கு விட்டு அந்தப் பாதுகாப்பை இழந்தால், வரிமதிப்பு சந்தை மதிப்புக்கே தாவிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் குடியிருந்தவருக்கு இது பெரிய தாவல். காப்பீட்டையும் அதே வாரத்தில் மாற்ற வேண்டும். குடியிருப்பவருக்கான காப்பீட்டை வைத்துக்கொண்டு சொல்லாமல் ஆள் குடிவைத்து, பிறகு தீ விபத்தோ வெள்ளமோ நேர்ந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும். இது பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்தும்.

கெடு வைத்துப் போகும் சலுகைதான் இந்த வழியில் மிகப் பெரிய தொகை. அமெரிக்காவில் ஒரு தம்பதியர் 3,00,000 டாலருக்கு வாங்கி நான்கு ஆண்டுகள் குடியிருந்த வீடு, இன்று 5,00,000 டாலர் என்று கொள்வோம். அவர்கள் வெளியேறி மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 2,00,000 டாலர் ஆதாயத்துக்குக் கூட்டரசு வரி இல்லை. அதைத் தாண்டிவிட்டால், 15 சதவீத விகிதத்தில் இருப்பவர்களுக்கு 30,000 டாலர் வரி. இடையில் வாடகைக்கு விட்டிருந்த ஆண்டுகளுக்குக் கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தேய்மானமும் கழிக்கப்படும். கட்டடத்தின் மதிப்பு 2,20,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 8,000. மூன்றாண்டில் சேரும் அந்த 24,000 டாலருக்கு மட்டும், கெடுவுக்குள் விற்றாலும், 25 சதவீதம் வரை வரி உண்டு. எனவே வெளியேறும் நாளிலேயே நாட்காட்டியில் இரண்டு ஆண்டு முடிவைக் குறித்துக்கொண்டு, அன்று வைத்திருப்பதா விற்பதா என்று மறுபடி முடிவெடுப்பது நல்லது. மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தின் நடுவில் இருப்பார்; வாங்குபவர் காலி வீடு கேட்பார்; இரண்டுக்கும் நடுவே கெடு கடந்துவிடும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த வழி வேறு இடத்தில் அடைபடுகிறது. பழைய வீட்டை வைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டை வாங்கினால், 2023 ஏப்ரல் 27 முதல், கூடுதல் முத்திரைத் தீர்வையாக விலையில் 20 சதவீதம் கட்ட வேண்டும். பழைய வீட்டின் பல ஆண்டு நிகர வாடகையை அது ஒரே நாளில் விழுங்கிவிடும். அங்கே பெரும்பாலானோருக்கு விற்றுவிட்டு வாங்குவதே சரி.

குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் வாங்குவது

வீட்டு விலை ஏறிய காலங்களில் இந்த வழியைப் பலர் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்கிறார்கள். வீட்டின் மதிப்பில் கடன் போக நமக்கென்று சும்மா கிடக்கும் பணத்தை உழைக்க வைப்பது என்று இதற்குப் பெயர். அந்தப் பணம் சும்மா கிடப்பதில்லை என்பதுதான் என் கருத்து: வேலை போனாலும் நோய் வந்தாலும் தலைக்கு மேல் கூரை நிற்பதற்கு அதுவே காரணம்.

இதையும் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். புதிதாக வாங்கும் வாடகை வீட்டின் விலை 100 பங்கு. அதற்கு நேரடிக் கடன் 75 பங்கு, 7 சதவீத வட்டியில். முன்தொகை 25 பங்கு, குடியிருக்கும் வீட்டை ஈடுகாட்டி 8 சதவீத வட்டியில். முழு விலையும் கடன்தான். ஆண்டு வட்டி 5.25-ம் 2-ம் சேர்ந்து 7.25. வாடகை 6 பங்கு வந்து, காலி மாதத்துக்கு 0.5-ம் மற்ற செலவுகளுக்கு 1.7-ம் போனால் மிஞ்சுவது 3.8. ஆண்டுதோறும் 3.45 பங்கைச் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும், அசலில் ஒரு பைசா குறையாமலே. இரண்டு கடனும் 4 சதவீதத்தில் கிடைக்கும் காலமானால் வட்டி 4 பங்காகிக் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகும். குடியிருக்கும் வீட்டின் மேல் எடுக்கும் கடனுக்கு வட்டி பெரும்பாலும் சந்தையோடு ஏறி இறங்குவது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த வழி தாங்குமா என்பது வாங்குபவரின் திறமையைவிட வட்டிக் காலத்தையே சார்ந்திருக்கிறது.

மற்ற மூன்று வழிகளிலும் குடித்தனக்காரர் ஆறு மாதம் வாடகை தராமல் இருந்தால் போவது பெரும்பாலும் வருமானம். இதில் அதே ஆறு மாதம் குடும்பம் குடியிருக்கும் வீட்டையே கடன்காரர் முன் கொண்டு நிறுத்திவிடக்கூடும். முதல் வீட்டின் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டவர், புதிய வீட்டின் ஓராண்டுத் தவணையைத் தனியே கையிருப்பாக வைத்திருப்பவர், வட்டி இரண்டு சதவீதம் ஏறினாலும் சம்பளத்திலிருந்து சமாளிக்கக்கூடியவர் ஆகிய மூன்றும் ஒருவரே ஆனால் இதை யோசிக்கலாம். அப்படி இல்லாதவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சொல்லியதைச் செய்வது

இரண்டாம் வழியிலும் மூன்றாம் வழியிலும், குடியிருப்பேன் என்று எழுதிக் கொடுத்ததை உண்மையாகவே நிறைவேற்ற வேண்டும். எஃப்ஹெச்ஏ கடன் வாங்கியவர் 60 நாட்களுக்குள் குடிவந்து, குறைந்தது ஓராண்டு அங்கே முதன்மைக் குடியிருப்பாக இருக்க வேண்டும். குறைந்த முன்தொகைக்காகக் குடியிருப்பேன் என்று கையெழுத்திட்டு, சாவி கையில் வந்த வாரமே ஆள் குடிவைப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் கடன் விண்ணப்பத்தில் பொய்யுரைத்த குற்றம். அதற்கான உச்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும். எல்லோரும் செய்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்லும் இடத்தில் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை மாற்றம் போன்ற உண்மையான காரணத்தால் முன்கூட்டியே வெளியேற நேர்ந்தால், கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரப்போகிறவர்

இதுவரை சொன்ன கணக்குகள் பழைய வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்ற அனுமானத்தில் போட்டவை. இரண்டு மூன்று ஆண்டுப் பணிக்காக வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போகிறவருக்கு மூன்றாம் வழியின் கணக்கு மாறிவிடுகிறது. அவர் விற்றால் விற்கும் செலவு 6 பங்கோடு, திரும்பி வந்து வாங்கும் செலவும் சேரும். ஆண்டுக்கு 0.52 பங்கைக் கையிலிருந்து போட்டாலும், மூன்று ஆண்டுக்கு 1.56 தான், தன் வீட்டுக்கே திரும்பி வருவதற்கு அது அதிக விலை அல்ல. குடித்தனக்காரரோடு போடும் ஒப்பந்தக் காலத்தை மட்டும் திரும்பும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே முடியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடு கடந்து போகிறவர் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாடு போனவர், வரி நோக்கில் அயல்நாட்டுக் குடியிருப்பாளராகிவிட்ட நிலையில் அந்த வீட்டை விற்றால், 2020 ஜூன் 30-க்குப் பிறகான விற்பனைகளுக்கு முதன்மைக் குடியிருப்பு விலக்கு கிடைப்பதில்லை. இறப்பு, தீராத நோய், மணமுறிவு போன்ற சில நிகழ்வுகளுக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட காலத்துக்கு மட்டும் விலக்கு போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பத்து ஆண்டுகள் அங்கே குடியிருந்திருந்தால் அந்தப் பத்து ஆண்டுகளின் ஆதாயமும் வரிக்கு உட்படும். ஆறு ஆண்டுச் சலுகையை நம்பிப் புறப்படுகிறவர், வீட்டை விற்பது புறப்படுவதற்கு முன்பா, திரும்பி வந்து மீண்டும் அந்நாட்டு வரிக் குடியிருப்பாளரான பிறகா என்பதை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.